கிரிக்கெட்டில் நின்ற ஆண்டுகளைப் பேஸ்பால் அம்பயர் விண்ணப்பத்தில் சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

ஊரில் 11 ஆண்டுகள் லீக் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்றிருக்கிறேன். அமெரிக்கா வந்த பிறகு இரண்டு கோடைகளாகச் சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களில் நிற்கிறேன். இப்போது உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்காக அம்பயர் சங்கம் ஒன்றில் விண்ணப்பிக்க இருக்கிறேன். மொத்தம் 13 ஆண்டு அனுபவம் என்று எழுதினால் சரிதானே? எந்த ஆட்டமாக இருந்தாலும் அம்பயர் வேலை அம்பயர் வேலைதானே?

ஜனவரி 9, இரவு

சரியல்ல. கிரிக்கெட்டை எழுதவே வேண்டாம். 13 என்ற எண்ணைப் பார்த்தவுடன், ஆட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் அசைனர் உங்களை ஒரு வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆட்டத்தில் பிளேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார். அதன் பிறகு அன்றைய மாலை உங்களுக்கும் நன்றாக இருக்காது, அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றாக இருக்காது.

ஜனவரி 10

நேற்று சுருக்கமாக எழுதியதற்குக் காரணம் கோபமல்ல, கூச்சம். இதே தவற்றை நானே செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொன்னால் நியாயமாக இருக்காது.

என் மூன்றாவது ஆண்டில் புதிய சங்கம் ஒன்றுக்கு மாறியபோது, விண்ணப்பத்தில் "120 ஆட்டங்கள், பிளேட்டும் பேஸும்" என்று எழுதினேன். (பிளேட் என்றால் பேட்டருக்குப் பின்னால் நிற்பது; பேஸ் என்றால் ரன்னர்கள் ஓடித் தொடும் பேஸ்களைக் கவனிப்பது.) அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அந்த 120 ஆட்டங்களில் ஏறக்குறைய நூறு, பேஸ்களுக்கிடையே 60 அடி மட்டுமே உள்ள சிறுவர் மைதானங்களில், கூட்டாளி இல்லாமல் நான் தனியாக நின்றவை. தனியாக நிற்பவர் பிளேட்டையும் பார்க்கிறார், பேஸையும் பார்க்கிறார் என்பதால் இரண்டையும் எழுதிவிட்டேன். அசைனர் அதை அவருடைய மொழியில் படித்தார்: இவருக்கு இரண்டு அம்பயர் முறை தெரியும்.

ஏப்ரலில் எனக்கு ஒரு பள்ளி ஆட்டம் கிடைத்தது. நான் பிளேட்டில், கூட்டாளி பேஸில். முதல் பேஸில் ரன்னர் ஒருவர் இருந்தார், ஒருவர் அவுட். பேட்டர் வலப்புற வெளிமைதானத்துக்கு அழகாக ஒன்று அடித்தார். இரண்டு பேர் கொண்ட அம்பயர் குழுவில் இந்த நிலைமையில் பிளேட் அம்பயர் மாஸ்கை இடக்கையால் கழற்றிக்கொண்டு மூன்றாவது பேஸை நோக்கி ஓட வேண்டும். ஏனென்றால் முதல் பேஸிலிருந்த ரன்னர் மூன்றாவது வரை போக முயன்றால் அந்தத் தீர்ப்பு அவருடையது. நான் ஓடவில்லை. தனியாக நிற்கும்போது பிளேட்டை விட்டு அவ்வளவு தூரம் போகும் பழக்கமே எனக்கு இருந்ததில்லை. ரன்னர் மூன்றாவது பேஸில் சறுக்கி விழுந்தார், பந்து வந்தது, பேஸ்மேன் தொட்டார், புழுதி எழுந்தது. மைதானத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூட்டாளியைப் பார்த்தேன். அவர் உள்மைதானத்தில் நின்றபடி, பேட்டர் முதல் பேஸைத் தொட்டாரா என்று கவனித்துவிட்டு, தம் வேலையை முடித்த நிம்மதியோடு என்னைப் பார்த்தார்.

பிளேட்டின் அருகிலேயே நின்றுகொண்டு, தொண்ணூறு அடிக்கு அப்பாலிருந்து "சேஃப்" என்றேன். சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று அங்கிருந்த யாரும் அதை நம்பவில்லை, என்னையும் சேர்த்து.

ஜனவரி 10, பிற்பகல்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். என்னை மாட்டிவைத்தது பொய் எண் அல்ல; உண்மையான எண்தான். "எத்தனை ஆட்டம்" என்பதற்கு நான் பதில் சொன்னேன். அசைனருக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: எந்த வயதினர், எத்தனை அடி மைதானம், எத்தனை அம்பயர்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள், எந்த விதிப்புத்தகம்.

ஜனவரி 12

விதிப்புத்தகம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஓர் உதாரணம் போதும்.

முதல் பேஸில் ரன்னர் இருக்கும்போது பிட்ச்சர் பால்க் (ரன்னரை ஏமாற்றும் விதிமீறிய அசைவு) செய்துவிட்டு, நிறுத்தாமல் பந்தை வீசியும் விடுகிறார். பேட்டர் அதை வேலிக்கு வெளியே அடித்துவிடுகிறார். மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) பின்பற்றும் அதிகாரபூர்வ விதிகளின்படி, பேட்டரும் எல்லா ரன்னர்களும் குறைந்தது ஒரு பேஸ் முன்னேறிவிட்டதால் பால்க் கணக்கில் வராது. ஹோம் ரன் நிற்கும். என்எஃப்எச்எஸ் என்ற தேசியக் கூட்டமைப்பின் உயர்நிலைப் பள்ளி விதிகளின்படி, பால்க் நடந்த கணமே பந்து செத்துவிடுகிறது. ஹோம் ரன் இல்லை, ரன்னருக்கு இரண்டாவது பேஸ், பேட்டர் திரும்பி வந்து மீண்டும் ஆட வேண்டும். ஒரே மைதானம், ஒரே அடி, இரண்டு முடிவு. கோடைகால கிளப் ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் வகை விதிகளைத் தழுவியவை. ஆகவே, கோடையில் ஐம்பது ஆட்டம் நின்றவர் "பள்ளி ஆட்டத்துக்குத் தயார்" என்று எழுதினால், அசைனரின் மனத்தில் முதலில் எழும் படம் இந்தப் பேட்டரின் தந்தை வேலியோரம் நின்று கத்தும் படம்தான்.

அதனால் ஆட்டங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் விதிப்புத்தகத்தின் பெயரையும் எழுதுங்கள். என்எஃப்எச்எஸ் விதித்தேர்வு எழுதியிருந்தால் அந்த ஆண்டையும் சேருங்கள். ஆட்டமே இல்லாமல் தேர்வு மட்டும் எழுதியிருந்தாலும் அது ஒரு வரிக்குத் தகுதியானது.

ஜனவரி 15

கிரிக்கெட்டைப் பற்றி நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். முழுவதும் அல்ல, பாதி.

எனக்கும் கிரிக்கெட் வழியாகத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. என் முதல் பேஸ்பால் கோடையில், முதல் பேஸில் நெருக்கமான ஓர் ஓட்டம் நடந்தது. பந்தும் ரன்னரும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். நான் தெளிவாகப் பார்த்தேன், அவுட் என்று எனக்குத் தெரியும், ஆனால் கையை உயர்த்தாமல் நின்றேன். இரண்டு நொடி, மூன்று நொடி. கடைசியில் பயிற்சியாளர், "ப்ளூ, என்ன தீர்ப்பு?" என்று கத்தினார். (சட்டையின் பழைய நிறத்தை வைத்து எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) அவர் கத்தியபோதுதான் புரிந்தது: நான் அப்பீலுக்காகக் காத்திருந்தேன். கிரிக்கெட்டில் யாரும் கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது என்பது 31ஆவது விதி. இங்கே சேஃபா அவுட்டா என்பதை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நாமே அறிவிக்க வேண்டும். ஐயத்தின் பலன் பேட்டருக்கு என்ற மரபும் இங்கே இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் வந்தால் ரன்னருக்குச் சாதகம் என்று கூட்டத்தில் சொல்வார்கள், ஆனால் அம்பயர் முகாம்களில் "முதலில் எது வந்தது என்று பார்த்துச் சொல், சமம் என்று ஒன்றும் கிடையாது" என்றுதான் பழக்குகிறார்கள்.

ஆனால் கிரிக்கெட் கொடுத்தவையும் உண்டு. ஆறு மணி நேரம் வெயிலில் நின்று ஒவ்வொரு பந்தையும் முதல் பந்தைப்போலப் பார்க்கும் பழக்கம். கொதித்துப்போன கேப்டனிடம் குரலை உயர்த்தாமல் பேசும் பழக்கம். ஆட்டம் முடிந்த இரவே அறிக்கை எழுதி அனுப்பும் பழக்கம். இவற்றை அசைனர் மதிப்பார். ஆகவே, பேஸ்பால் ஆட்டங்களையெல்லாம் எழுதி முடித்த பிறகு, கீழே தனி வரியாக "கிரிக்கெட் அம்பயர், 11 ஆண்டுகள், இரண்டு அம்பயர் குழு" என்று எழுதுங்கள். மேலே உள்ள கூட்டலோடு மட்டும் சேர்க்காதீர்கள். 2-ஐயும் 11-ஐயும் கூட்டினால் 13 வருவது பள்ளிக்கூடக் கணக்கில்தான்.

ஜனவரி 16

"பேஸ்பாலிலும் அப்பீல் உண்டே" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். உண்மைதான். பேஸைத் தொடாமல் ஓடினால், உயரப் பந்து பிடிபடுவதற்கு முன்பே பேஸை விட்டுக் கிளம்பினால், வரிசை மாறி ஆடினால், எதிரணி கேட்டால்தான் அவுட். என் வாக்கியம் தேவைக்கு மேல் அகலமாகிவிட்டது. வழக்கமான ஓட்டத்துக்கு அப்பீல் தேவையில்லை என்று படித்துக்கொள்ளவும். உண்மையைச் சொன்னால், கிரிக்கெட்டிலிருந்து வருபவர்கள் இந்த மூன்றையும் மற்றவர்களைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள்; யாரும் கேட்காதவரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பது நமக்குக் கைவந்த கலை.

ஜனவரி 21

வேறு ஓர் ஆட்டத்தின் அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்று யோசித்தபோது ஜென் பாவோல் நினைவுக்கு வந்தார். மேஜர் லீக் வழக்கமான பருவ ஆட்டத்தில் அம்பயராக நின்ற முதல் பெண் அவர். 2025 ஆகஸ்ட் 9 அன்று அட்லாண்டாவில். அதற்கு முன் கல்லூரி சாஃப்ட்பாலில் அம்பயராக இருந்தவர். சாஃப்ட்பால் பேஸ்பாலுக்குச் சித்தி மகள், கிரிக்கெட்டோ ஒன்றுவிட்டு ஒன்றுவிட்ட உறவு. அப்படியிருந்தும் 2016இல் அவரை மைனர் லீக்கின் அடிமட்டப் படியிலிருந்துதான் தொடங்கவைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைனர் லீக் ஆட்டங்கள் நின்ற பிறகே அட்லாண்டா வந்தது. பழைய அனுபவம் கதவைத் தட்டும் துணிவைக் கொடுக்கலாம். படிகளைக் குறைத்துக் கொடுப்பதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாம் போஸ்டெமா 1977இலிருந்து மைனர் லீக்கில் நின்று அதன் உச்சப் படியான டிரிபிள்-ஏ வரை ஏறினார். 1989இல் விடுவிக்கப்பட்டார், மேஜர் லீக் வாய்ப்பு வரவேயில்லை. பிறகு வழக்கும் தொடுத்தார். அனுபவத்தைச் சரியாக எழுதினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவருவதாக யாரும் எண்ண வேண்டாம்.

ஜனவரி 24

சம்பளம் வாங்காமல் நின்ற ஆட்டங்களை எழுதலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக. சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் லிட்டில் லீக் உலகத் தொடரில், தொலைக்காட்சியில் நீங்கள் பார்க்கும் அம்பயர்களே தன்னார்வலர்கள்தாம். பயிற்சி ஆட்டங்களை மட்டும் தனியாகக் காட்டுங்கள். இன்னிங்ஸுக்கு நான்கு அவுட் என்று பயிற்சியாளர்களே பேசிவைத்துக்கொள்ளும் ஆட்டம் ஆட்டக் கணக்கில் வராது.

பிப்ரவரி 2

உங்கள் வரைவைப் படித்தேன். ஒரு பக்கம் முழுவதும் "பொறுப்புணர்வு", "தலைமைப் பண்பு", "அழுத்தத்திலும் நிதானம்". இவற்றை யாரும் இல்லை என்று எழுதப்போவதில்லை. ஆகவே, எழுதியும் பயனில்லை. அசைனர் இதை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவர் அல்லர்; மழையால் தள்ளிப்போன ஆறு ஆட்டங்களுக்கு ஆள் தேடிக்கொண்டே, தொலைபேசியில் விரலால் தள்ளிப் படிப்பவர். உங்களுடைய இரண்டு கோடைகளை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"2024, 2025 கோடை: 12 வயதுக்குட்பட்டோர், 60 அடி மைதானம், 31 ஆட்டங்கள், தனியாக 22, இருவர் குழுவில் 9 (பிளேட் 3, பேஸ் 6). 90 அடி மைதானத்தில் இதுவரை நின்றதில்லை. வார நாள்களில் மாலை 3.30 முதல் வர இயலும், செவ்வாய் இயலாது. ஜேவி, புதுமுக ஆட்டங்களில் பேஸ் ஏற்கத் தயார்."

(ஜேவி என்பது வார்சிட்டிக்கு அடுத்த நிலை அணி, புதுமுகம் என்பது முதலாண்டு மாணவர் அணி.) இதில் மிக வலுவான வாக்கியம் எது என்று கேட்டால், "90 அடி மைதானத்தில் இதுவரை நின்றதில்லை" என்பதைத்தான் சொல்வேன் (பள்ளி மைதானத்தின் அளவு அது). அதைப் படித்தவுடன் மற்ற எண்களையும் அவர் நம்பத் தொடங்குவார். அதற்கு அடுத்தது செவ்வாய்க்கிழமை. பள்ளி ஆட்டங்கள் பெரும்பாலும் வார நாள் பிற்பகலில், பெரும்பாலானோர் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் தொடங்குகின்றன. என்றைக்கு வரமுடியும் என்று தெளிவாகச் சொல்பவர், பத்தாண்டு அனுபவம் இருந்தும் கடைசி நேரத்தில் கைவிரிப்பவரைவிட விரைவில் ஆட்டம் பெறுகிறார்.

பிப்ரவரி 3

வரைவில் நான் போட்ட 31, 22, 9 ஆகியவை நீங்கள் சொன்ன எண்கள். நினைவிலிருந்து சொன்னீர்களா, எழுதிவைத்ததிலிருந்தா? நினைவு என்றால் "சுமார்" என்று சேர்க்கவும். இனிமேலாவது ஒரு நோட்டுப் போடுங்கள். நான் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுதுகிறேன்: தேதி, நிலை, பிளேட்டா பேஸா, கூட்டாளி யார், விதிப்புத்தகம், அன்று குழப்பிய ஒரு சங்கதி. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் இரண்டு வரி. கடைசிக் கட்டத்தில் "இன்ஃபீல்ட் ஃப்ளை சொல்லத் தாமதம்", "பிவட்டில் திரும்பும்போது பந்தைத் தொலைத்தேன்" போன்றவை இருக்கும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் போகாது. ஆனால் நேரில் பேசும்போது அதுதான் கைகொடுக்கும். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 8

அந்தப் "பிறகு" இதுதான்.

நேர்காணல் என்று பெரிதாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு. அதில் அனுபவம் உள்ள அசைனர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் கொடுத்த மிக மோசமான தீர்ப்பு எது?" எனக்கு இது முதன்முறை வந்தபோது, "பெரிதாக ஒன்றும் நினைவில்லை" என்றேன். மறுமுனையில் சற்று அமைதி. அந்த ஆண்டு எனக்குப் புதுமுக ஆட்டங்கள்தாம் வந்தன. இரண்டும் தொடர்புடையவை என்று இப்போது நம்புகிறேன்.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில், அர்மாண்டோ கலராகா ஒரு பேட்டரையும் பேஸ் ஏறவிடாத முழுமையான ஆட்டத்துக்கு ஒரே ஓர் அவுட் மீதமிருந்தபோது, முதல் பேஸில் ஜிம் ஜாய்ஸ் "சேஃப்" என்றார். ரன்னர் தெளிவாக அவுட். ஆட்டம் முடிந்து காட்சியைப் பார்த்த ஜாய்ஸ், சூழ்நிலையையோ கோணத்தையோ காரணம் காட்டாமல், தவறு தம்முடையது என்று நேரடியாகச் சொன்னார். மறுநாள் அவர் பிளேட்டில் நின்றார். அணியின் ஆட்டக்காரர் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாதான். ஜாய்ஸின் அந்த ஒரு தீர்ப்பை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் அம்பயர்கள் நடுவே அவர் பெயர் மதிப்போடுதான் சொல்லப்படுகிறது.

ஆகவே, அந்தக் கேள்விக்கு நோட்டிலிருந்து ஒன்றைச் சொல்லுங்கள். என்ன நடந்தது, எங்கே நின்றிருந்தீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று மூன்று வாக்கியம் போதும். நான் இப்போதெல்லாம் மூன்றாவது பேஸ் கதையைச் சொல்கிறேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு மூன்றாவது பேஸ் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 9

ஆட்டக்காரர்களை வெளியேற்றிய கணக்கைப் பெருமையாக எழுதக் கூடாது. கேட்டால் சொல்லுங்கள்: எத்தனை, எதற்காக, அறிக்கை அன்றே அனுப்பினீர்களா. சுழியாக இருந்தால் அதையும் பெருமையாகச் சொல்ல வேண்டாம். சில சமயம் சுழி என்பதற்கு, வெளியேற்ற வேண்டியவரை உள்ளே விட்டுவைத்தீர்கள் என்று பொருள்.

பிப்ரவரி 17

பரிந்துரைக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று கேட்டீர்கள். பயிற்சியாளர் வேண்டாம். உங்களை மனமாரப் பாராட்டும் பயிற்சியாளர் அன்றைய ஆட்டத்தில் வென்றவராகத்தான் இருப்பார். உங்களோடு நின்ற கூட்டாளி அம்பயரைக் கொடுங்கள். நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள், காலணி துடைத்திருந்ததா, அவருக்கு உதவி தேவைப்பட்டபோது கண்ணால் பேசினீர்களா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஏதேனும் அம்பயர் முகாமில் மதிப்பீட்டுத்தாள் கொடுத்திருந்தால் அதை இணைக்கலாம், குறைகள் எழுதியிருந்தாலும்கூட. மேஜர் லீக் நிறுவனமே கட்டணமில்லாத ஒருநாள் முகாம்களை நடத்துகிறது. மேலே ஏறும் எண்ணம் இல்லாதவரும் போய் வரலாம். எனக்கு அப்படியொரு முகாமில் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு, "தீர்ப்பைச் சொல்லும் முன் மூச்சு விடு" என்பது.

மார்ச் 6

ஒருவர் சற்றே கசப்போடு எழுதியிருக்கிறார்: இந்த 2026 பருவத்திலிருந்து மேஜர் லீக்கில் பேட்டர், பிட்ச்சர், கேட்சர் ஆகியோர் வீசிய பந்து பாலா ஸ்ட்ரைக்கா என்ற தீர்ப்பைக் கருவியிடம் கேட்கலாம், அணிக்கு இரண்டு சவால்கள், இனி பிளேட் அனுபவத்துக்கு என்ன மதிப்பு என்று. பள்ளி மைதானத்தில் கருவி இல்லை, ஆகவே, உடனடிக் கவலை தேவையில்லை. ஆனால் அவர் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. "என் ஸ்ட்ரைக் ஜோன் (பந்து ஸ்ட்ரைக் எனக் கணக்காகும் எல்லை) சீரானது" என்று எழுதுவதற்கு, கருவி வருவதற்கு முன்பும் மதிப்பு குறைவுதான், ஏனென்றால் அதைச் சோதிக்க வழியில்லை. கேட்சரோடு பேசும் விதம், ஆட்டத்தை ஓட்டும் வேகம், ஓட்டத்தின்போது மாஸ்கைக் கழற்றிக்கொண்டு சரியான இடத்துக்குப் போவது ஆகியவற்றைக் கருவி செய்வதில்லை. முதல் பேஸில் ரன்னர் இருந்தால் மூன்றாவது பேஸுக்கு இன்னமும் மனிதர்தான் ஓட வேண்டும்.

மார்ச் 28

கேள்வி கேட்டவருக்கு ஜேவி ஆட்டங்கள் நான்கு வந்திருக்கின்றன, நான்கும் பேஸ். 90 அடி மைதானம் "ஊரின் முழு நீளம் போலத் தெரிந்தது" என்று எழுதியிருக்கிறார். முதல் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் அப்பீலுக்காக நின்றாராம். ஒரு நொடிதானாம். என்னைவிடப் பரவாயில்லை.

ஏப்ரல் 11

நாளை எனக்கு வார்சிட்டி பிளேட். கூட்டாளி புதியவர், "எண்பது ஆட்டம், பிளேட்டும் பேஸும்" என்று அசைனர் செய்தி அனுப்பியிருக்கிறார். எந்த எண்பது என்று அவரும் கேட்கவில்லை போலும். வண்டி நிறுத்துமிடத்திலேயே, ஷின் கார்டு மாட்டும்போதே, முதல் பேஸில் ஒருவர் இருந்து வலப்புறம் அடி விழுந்தால் நான் எங்கே போவேன், அவர் எங்கே நிற்பார் என்று அவரையே சொல்லச் சொல்லப்போகிறேன்.